குறுகிய குழலும் இரும்புக் குறியும்

வட அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலே 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் கொல்லர் உருவாக்கிய றைபிளின் குழல் பெரும்பாலும் 40 அங்குலத்துக்கும் மேல் நீண்டது. வாய்வழியே மருந்தும் குண்டும் இடப்படும் அத்துப்பாக்கி, காட்டில் நடந்து வேட்டையாடியவனுக்குப் பொருந்திற்று. குதிரையேறிச் சமவெளி கடந்தவனுக்கோ சுமையாயிற்று. ஆகவே 1820களின் பின் சென் லூயிஸ் நகரின் ஹோக்கன் சகோதரர் குறுகிய, தடித்த குழல்களை அமைத்தனர். பழைய துப்பாக்கிகளின் குழல்களும் வெட்டிக் குறைக்கப்பட்டன.

வெட்டுங்கால் முன்குறி துண்டோடு நீங்கும். புதுமுனையருகே பள்ளம் அராவி இரும்புக் குறியொன்றைச் செருகுதல் வேண்டும். இரு குறிகளின் இடைத்தூரம் குறைவதால், கண்ணின் சிறுபிழை இலக்கிலே பெரும்பிழையாகும். எனினும், குதிரைமீதிருந்து காட்டெருமையை அண்மையிற் சுட்டவர்க்கு அவ்விழப்புப் பெரிதன்று. வெட்டிய துண்டும் வீணாகவில்லை: சமவெளிப் பழங்குடியினர் அதனைத் தட்டையாக்கித் தோல் சுரண்டும் கருவியாக்கினர்.