மடக்கு மேஜையும் மாடல் டி காரும்

போன கோடையில அம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க. மிச்சிகன்ல வெயில் எட்டிப் பாத்தா கூடாரத்தைத் தூக்கிக் கார்ல போட்டுக்கிட்டு ஏரிக்கரைக்கு ஓடறது எங்க வீட்டு வழக்கம். இந்த தடவை அம்மாவையும் கிளப்பிட்டோம்.

இங்க ஸ்டேட் பார்க் முகாம்கள்ல பெரும்பாலும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மர மேஜை போட்டு வச்சிருப்பாங்க. ரெண்டு பக்கமும் பெஞ்சு, மேஜையோட சேத்தே போல்ட் போட்டு முடுக்கினது. காலைத் தூக்கி பெஞ்சைத் தாண்டி உள்ள விட்டுத்தான் உக்காரணும். நமக்கு அது ஒண்ணுமே இல்லை. ரெண்டு முட்டியும் தேஞ்சுபோன 71 வயசு அம்மாவுக்கு அது மதில் சுவர். ரெண்டு தடவை முயற்சி பண்ணினாங்க. அப்புறம் "நீங்கல்லாம் சாப்பிடுங்கப்பா, நான் கார்லயே உக்காந்துக்கறேன்"னு தட்டை வாங்கிட்டுப் போயிட்டாங்க. நாங்க நாலு பேரும் மேஜையில. அம்மா கார் சீட்டுல, கதவைத் திறந்து வச்சுக்கிட்டு, மடியில தட்டோட. எனக்கு அந்த இட்லி தொண்டையில இறங்கலை.

ஊருக்குத் திரும்பின மறுநாளே கடைக்குப் போய் ஒரு மடக்கு மேஜை வாங்கினேன். இருந்ததுலயே விலை கம்மி. அலுமினியப் பட்டைகளைப் பாய் மாதிரி சுருட்டி, கால்களைக் குடை மாதிரி மடக்கி ஒரு நீளப் பைக்குள்ள போட்டா வேலை முடிஞ்சுது. பத்து பவுண்டு கூட இருக்காது. ரொம்ப புத்திசாலியா வாங்கிட்டதா நெனப்பு. அடுத்த முகாம்ல அதும் மேல அடுப்பை வச்சு, அடுப்பு மேல ரசத்தை வச்சேன். தரை மணல். ஒரு கால் மெதுவா உள்ள இறங்கிச்சு. ரசம் மேல யாரும் இல்லாத பக்கமா கவுந்தது எங்க அதிர்ஷ்டம்.

"மேஜை வாங்கறதுக்கு முன்னாடி அது எதுக்குன்னு யோசிச்சீங்களா?" தங்கமணி கேட்டது இவ்வளவுதான். சமைக்கவா, சாப்பிடவா? நான் யோசிக்கவே இல்லை. வழக்கம் போல புத்திய மாத்திக்கறதுக்கு பதிலா புத்தகத்தை எடுத்தேன் :-) அங்க பாத்தா, வண்டியில போய் வெளிய தங்கறவங்க 150 வருஷத்துக்கு மேலா இந்த ஒரே கேள்வியோடதான் மல்லுக்கட்டியிருக்காங்க.

கதையை 1866ல ஆரம்பிக்கலாம். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிஞ்சு ஒரு வருஷம். டெக்சாஸ்ல மாடு ஏராளம், வாங்க ஆள் இல்லை. சார்லஸ் குட்நைட்டும் ஆலிவர் லவிங்கும் மந்தையை நியூ மெக்சிகோ பக்கம் ஓட்டிக்கிட்டுப் போறதா முடிவு பண்ணினாங்க. போற வழியில வாரக்கணக்கா ஆளுங்களுக்குச் சோறு போடணும். குட்நைட் ஒரு பழைய ராணுவ வண்டியை வாங்கி, பின்பக்கம் ஒரு அலமாரிப் பெட்டியைப் பொருத்தினார். மாவு, பீன்ஸ், காப்பி, உப்பு எல்லாத்துக்கும் தனித்தனி அறை. விஷயம் அந்தப் பெட்டியோட மூடியில இருக்கு. மூடிக்குக் கீழ்ப்பக்கம் கீல். திறந்து கீழ இறக்கி ஒரு காலை முட்டுக் கொடுத்தா அதுவே மேஜை. மூடினா கதவு. வண்டியில இதுக்குன்னு தனியா ஒரு அங்குல இடம் கூட வேண்டாம். சக் வேகன்னு சொல்றது இதைத்தான்.

ஆனா அந்த மேஜையில ஒரு மாட்டுக்காரனும் சாப்பிடக் கூடாது! அது சமையல்காரரோட இடம். நின்னுக்கிட்டே மாவு பிசைய, கறி வெட்ட அவருக்குத் தோதான உயரம். மத்தவங்க தட்டை வாங்கிக்கிட்டு தரையில உக்காந்து மடியில வச்சு சாப்பிடணும். மேஜையில தட்டை வைக்கிறவன் மரியாதை தெரியாதவன். ஆக, முதல் கார் முகாம் மேஜை (சரி, மாட்டுவண்டி முகாம் மேஜை) சாப்பிடறதுக்கானதே இல்லை. இதைப் படிச்சப்ப காருக்குள்ள மடியில தட்டோட அம்மா உக்காந்திருந்ததுதான் ஞாபகம் வந்தது.

அடுத்தது நேர் எதிர். ஹென்ரி ஃபோர்ட், தாமஸ் எடிசன், டயர் கம்பெனி ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ். இந்த நாலு பேரும் 1910கள்லேர்ந்து கோடைக்குக் கோடை கார்ல கிளம்பிக் காட்டுல தங்குவாங்க. தங்களுக்கு 'நாடோடிகள்'னு பேரும் வச்சுக்கிட்டாங்க. (பரோஸ் முதல்ல காரையே திட்டினவர். ஃபோர்ட் அவருக்கு ஒரு மாடல் டி காரைப் பரிசா அனுப்பி வச்சார். பெரியவர் அதை ஓட்டக் கத்துக்கிட்டு கடைசியில களஞ்சியச் சுவத்துல விட்டார். அது தனிப் பதிவு.) 1921ல அமெரிக்க ஜனாதிபதி ஹார்டிங்கே மேரிலாந்துல இவங்களோட வந்து தங்கியிருக்கார்.

இவங்க மேஜையைப் புகைப்படத்துல பாக்கணும். பிரம்மாண்டமான வட்டம், இருபது பேர் வரைக்கும் சுத்தி உக்காரலாம். நடுவுல ஒரு சுழல் தட்டு. ஊறுகா வேணும்னா யாரையும் கேக்க வேண்டாம், சுத்தி விட்டா தானா வரும். இதுவும் மடக்கு மேஜைதான், ஆனா மடக்கி ஏத்த லாரி வேணும், மடக்க ஆளும் வேணும். சமையல் இந்த மேஜைப் பக்கமே வராது. அதுக்கு பெட்ரோல் அடுப்பும் ஐஸ் பெட்டியும் வச்ச தனி வண்டி, தனி சமையல்காரர். டை கட்டிக்கிட்டு கையை நனைக்காம நாடோடியா இருக்க ஒரு கொடுப்பினை வேணும்.

குட்நைட்டோடது சமைக்க மட்டும். ஃபோர்டோடது சாப்பிட மட்டும். ரெண்டுலயும் சமைக்கறவர் வேற, சாப்பிடறவர் வேற. அதனால குழப்பம் இல்லை. குழப்பத்தை உண்டாக்கினதும் ஃபோர்ட்தான், வேற விதத்துல.

1908ல 850 டாலருக்கு வந்த மாடல் டி, 1920கள் நடுவுல 300 டாலருக்கும் கீழ இறங்கிடுச்சு. பள்ளி வாத்தியாரும் விவசாயியும் கார் வாங்கினாங்க, பெண்டு பிள்ளைகளை ஏத்திக்கிட்டுக் கிளம்பினாங்க. ஹோட்டலுக்குக் காசு கிடையாது. கார் பக்கவாட்டுலயே துணியைக் கட்டிக் கூடாரம், டப்பாவுல அடைச்ச சாப்பாடு. டென்வர் மாதிரி ஊர்கள் இவங்களுக்குன்னே பெரிய முகாம் பூங்காக்களைத் திறந்து விட்டாங்க. 1919ல ஃப்ளோரிடாவோட டாம்பாவுல 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்'னு சங்கமே ஆரம்பிச்சாச்சு. ரேடியேட்டர் மூடி மேல ஒரு காலி டின்னைப் பத்த வச்சுக்கறதுதான் அடையாளம். டப்பா சோத்துக்காரன்னு கேலி பண்ணினா, ஆமாய்யான்னு டின்னைத் தலைல வச்சுக்கற அந்தக் குசும்பு எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

இவங்களுக்குச் சமையல்காரர் இல்லை, லாரி இல்லை. இருந்தது கார் ரெண்டு பக்கமும் ஓடற அந்தக் கால் வைக்கிற பலகைதான். குட்நைட் பெட்டியையே சின்னதாக்கி அதும் மேல கட்டிக்கிட்டாங்க. மூடியை இறக்கினா மேஜை. ஆனா அந்தப் பலகை முழங்கால் உயரம்தான். வீட்டுல நிமிந்து நின்னு சமைச்ச அம்மணிகள் விடுமுறையில குனிஞ்சு சமைச்சாங்க. 1923ல கோல்மன் கம்பெனி பெட்டி மாதிரி மடங்கற ரெண்டு பர்னர் அடுப்பைக் கொண்டு வந்தது. அடுப்புப் பிரச்சினை தீந்தது. அதை எங்க வைக்கிறது? சாப்பாட்டு மேஜை மேல. அப்ப சாப்பிடறவங்க தட்டை எங்க வைக்கிறது? பழையபடி மடி! சமைக்கறவரும் சாப்பிடறவரும் ஒரே குடும்பம், மேஜை ஒண்ணு, உயரம் ரெண்டு வேணும். என் ரசம் கவுந்தது அங்கதான்.

அப்புறம் பொருள் மலிஞ்சுது. இரண்டாம் உலகப் போருக்கு விமானம் செய்யப் பெருக்கின அலுமினியம் போர் முடிஞ்சதும் நாற்காலி, மேஜைன்னு வீட்டுக்குள்ள வந்தது. ஜெர்மனியில வெஸ்ட்ஃபாலியாக்காரங்க 1951லேர்ந்து ஃபோக்ஸ்வேகன் வேனுக்குள்ள படுக்கை, அலமாரின்னு அடைச்சாங்க. இதையெல்லாம் வேகமாத் தாண்டிடறேன், ஏன்னா எனக்கு வலிக்கிற இடம் 1995ல இருக்கு.

அந்த வருஷம் ஜப்பான்ல ஹோண்டா சிஆர்-வி வந்தது. அதோட டிக்கித் தரைப் பலகை இருக்கே, அதுக்கு அடியில நாலு மடக்குக் கால். தூக்கி வெளிய எடுத்து காலை விரிச்சா அதுவே மேஜை. காரோட வர்றது, தனிக் காசு இல்லை. குட்நைட்டோட மூடியேதான், 129 வருஷம் கழிச்சு. இதுல எனக்கு என்ன வலின்னா, 2006லேர்ந்து 2013 வரைக்கும் நான் ஓட்டினது பழைய 2000ஆம் வருஷ சிஆர்-வி. ஏழு வருஷம் அந்தப் பலகை மேல அரிசி மூட்டையா ஏத்தியிருக்கேன். ஒரு தடவை கூடத் தூக்கிப் பாக்கலை. வித்தே வித்துட்டேன். தங்கமணி கிட்ட சொன்னப்ப சிரிக்கக் கூட இல்லை.

சரி, ரெண்டாவது மேஜைக்கு வருவோம். இந்த தடவை கடையில விலைச்சீட்டைப் பாக்காம அளவு நாடாவோட போனேன். சாப்பாட்டு மேஜைன்னா 28 அங்குல உயரம். முகாம் துணி நாற்காலி ரொம்பத் தாழ்வு, அம்மா உக்காந்தா எழுந்திருக்க முடியாது. அதனால சாதா இரும்பு மடக்கு நாற்காலி, அதுக்குப் பொருந்தற மேஜை. நடுவுல சூட்கேஸ் மாதிரி ரெண்டா மடங்கறது, டிக்கியில சுவரோரமா நிக்கும். சுருட்டற வகை இன்னும் சின்னதா மடங்கும்தான், ஆனா பட்டைக்குப் பட்டை இடுக்கு, டம்ளர் ஆடும். கால் ஒவ்வொண்ணும் தனியா நீட்டிக் குறைக்கற மாதிரி இருந்தா மேடு பள்ளத்துக்கு ஆகும். மணலுக்கு? நாலு காலுக்கும் அடியில நாலு பிளாஸ்டிக் டப்பா மூடி. இது டின் கேன்காரங்களுக்கு என் காணிக்கை.

கடைசியில வாங்கினது கடையிலயே இல்லை. பக்கத்துத் தெருவுல வீட்டு வாசல்ல பழசு வித்துக்கிட்டிருந்தாங்க, 12 டாலர். ஒரு ஓரம் சிராய்ப்பு, ஒரு பூட்டு இறுக்கம். அடுப்பை இதும் மேல ஏத்தறதே இல்லை. பூங்காக்காரங்க போட்ட மர மேஜை சும்மாதானே கிடக்கு, அது இப்ப சமையல்காரரோட இடம். அதாவது நான். யாரும் தட்டைக் கொண்டுவந்து வைக்கக் கூடாது.

செப்டம்பர்ல மூணாவது முகாம். அம்மா நாற்காலியில உக்காந்து மேஜையை ரெண்டு கையாலயும் அழுத்திப் பாத்தாங்க. "இது ஆடலையே"ன்னாங்க. அப்புறம் கேக்காமலே பேப்பரை விரிச்சு பீன்ஸ் நறுக்க ஆரம்பிச்சுட்டாங்க. சின்னவ எதிர்ல உக்காந்து காம்பு கிள்ளிக்கிட்டிருந்தா. சாப்பிடறப்ப அஞ்சு தட்டுக்கு இடம் பத்தலை. என் தட்டை நான் மடியில வச்சுக்கிட்டேன்.

பழைய சிஆர்-வி வச்சிருக்கற மக்கா, தயவு செஞ்சு இப்பவே போய் டிக்கித் தரையைத் தூக்கிப் பாத்துட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க. எனக்காக.