மாவட்ட நிலை (புத்தளம் மாவட்டம்)

இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவர் தம் மாவட்டத்தில், தம் பாடப்பிரிவில் எத்தனையாவதாக வந்திருக்கிறார் என்று காட்டும் எண்ணே மாவட்ட நிலை. பல நாடுகளில் தரவரிசை என்றால் பெரும்பாலும் கல்லூரிகளை அடுக்குவது. இங்கே அடுக்கப்படுவோர் மாணவர். வென்னப்புவ, மாரவில, சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி என நீளும் கரையோரத்துப் பிள்ளைக்கு மருத்துவம் கிடைக்குமா, முகாமைத்துவம் கிடைக்குமா, ஒன்றும் கிடைக்காதா என்பது பெரும்பாலும் இந்த எண்ணில் தங்கியிருக்கிறது.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது மாவட்டக் கணக்கு இருக்கவில்லை. ஆங்கிலம் கற்பித்த நகரப் பாடசாலைகளுக்கே வாசல் திறந்திருந்தது. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. 1971இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மாணவர் 250 புள்ளி பெறவேண்டியிருந்தது. சிங்களமொழி மாணவருக்கு 227 போதுமாயிற்று. இது அநீதி. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்துகொண்டது. யாழ்ப்பாணம் இழந்தது அதிகம். பின்தங்கிய மாவட்டமாகக் கொள்ளப்பட்ட புத்தளத்திலோ, பல்கலைக்கழகத்தையே காணாத முஸ்லிம், தமிழ், சிங்களக் குடும்பங்களுக்கு அதே ஒதுக்கீடு முதற்படியாக அமைந்தது. தரப்படுத்தலின் வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் இந்தக் கரையையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

இன்றைய முறையில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடம் தீவு முழுவதற்குமான திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகிறது. அந்த 16இல் புத்தளமும் ஒன்று. 2001ஆம் ஆண்டிலிருந்து மொத்தப் புள்ளிக்குப் பதிலாக இசட் புள்ளி பயன்படுகிறது. பேராதனைப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் முன்மொழிந்த முறை இது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளி சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்த்து, அதை நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி எடுப்பார்கள். கடினமான பாடத்தை எடுத்தவர் தண்டிக்கப்படாமல் இருக்க நல்ல வழிதான். ஆனால் 2011 பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களில் எழுதியோரை ஒன்றாகக் கலந்து கணித்தார்கள். 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்தக் கணிப்பை இரத்துச் செய்ய, இரு தொகுதியினருக்கும் தனித்தனியே மீண்டும் கணிக்கவேண்டியதாயிற்று. நிலை மாறினால் வாழ்க்கை மாறும் என்பதால்தான் பிள்ளைகள் நீதிமன்றம்வரை போனார்கள்.

மாவட்ட நிலை மறைக்கும் குறை ஒன்று உண்டு. மாவட்டம் முழுவதும் ஒரே நிலத்தைப் போலக் கணிக்கப்படுகிறது. தெற்கே வென்னப்புவ, சிலாபப் பக்கம் பழைய கத்தோலிக்கப் பாடசாலைகள் உண்டு. நீர்கொழும்பு ரியூஷன் வகுப்புக்குப் பஸ்ஸில் போய்வரலாம். வடக்கே கற்பிட்டித் தீபகற்பத்து மீனவர் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலையைக் கல்வி அமைச்சு 1ஏபி என்று வகுக்கிறது; கலை, வர்த்தகம் மட்டும் உள்ளது 1சி; உயர்தரமே இல்லாதவை 2ஆம், 3ஆம் வகை. வீட்டுக்கு அருகில் 1ஏபி இல்லாத பிள்ளை மருத்துவ வரிசையில் நிற்பதே கடினம். ஆனாலும் தெற்குப் பிள்ளையும் வடக்குப் பிள்ளையும் ஒரே பட்டியலில், அனுமதிக்கான ஒரே வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிடுகிறார்கள். மொழிக்குத் தனி ஒதுக்கீடும் இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பல்லாயிரக்கணக்கானோர் இங்கே அடைக்கலம் புகுந்தபின் கரையோர வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. அந்த நெரிசலை இந்த மண்ணின் ஆசிரியர்களும் தாங்கினார்கள்.

கல்லூரிகளின் தரவரிசை வேறு கதை. அமெரிக்காவில் யூ.எஸ். நியூஸ் இதழ் அதை 1983இல் தொடங்கியது. உலகப் பல்கலைக்கழகங்களை அடுக்கும் ஷங்காய் பட்டியல் 2003இல் வந்தது. பட்டியலில் ஏற நிறுவனங்கள் தரவையே திரித்ததும் நடந்திருக்கிறது. டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஃபொக்ஸ் வணிகப் பள்ளி பொய்த் தரவு கொடுத்து இணையவழி எம்.பி.ஏ. பட்டியலில் முதலிடம் பிடித்தது; அதன் முன்னாள் பீடாதிபதி 2022இல் 14 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் புத்தளத்துப் பிள்ளைக்கு இந்தப் பட்டியல்களால் பெரிய பயன் இல்லை. இடத்தை ஒதுக்குவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. மாவட்டத்துக்குள் அரச பல்கலைக்கழகம் கிடையாது. 1999இல் உருவான வயம்பப் பல்கலைக்கழகத்தின் குளியாப்பிட்டி, மாகந்துர வளாகங்கள் இரண்டும் குருநாகல் மாவட்டத்தில் உள்ளன.

கல்லூரிப் பட்டியல் இங்கே நுழைவது, வெட்டுப்புள்ளி தவறிய பிள்ளைக்குத் தனியார் நிறுவனங்கள் வெளிநாட்டுப் பட்டம் விற்கும் இடத்தில்தான். குடும்பங்கள் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் இடமும் அதுவே. கையேட்டில் அச்சிட்டிருக்கும் தரவரிசையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.