முன்நீரிழிவு நிலையும் இதயநலமும்: நடுத்தர வயதினர் அறிய வேண்டியவை

வயது ஏற ஏறத் தமனிகள் நெகிழ்வுத்தன்மையை இழந்து இறுகுவது இயல்பு. இரத்தத்தில் சர்க்கரையின் அளவு நீண்டகாலம் மிகுந்திருந்தால் இம்மாற்றம் விரைவுபடுகிறது. தமனிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிவதும் அதிகரிக்கிறது. 52 நாடுகளில் நடைபெற்று 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு ஏறத்தாழ 53 வயதிலும், பிற நாட்டினருக்கு ஏறத்தாழ 59 வயதிலும் ஏற்பட்டது. நம்மவர்களைப் பொறுத்தவரை இது குடும்பத்தைத் தாங்கி உழைக்கும் வயதாகும்.

முன்நீரிழிவு நிலை என்றால் என்ன?

75 கிராம் குளுக்கோஸ் அருந்தி 2 மணி நேரம் கழித்துச் செய்யும் பரிசோதனையில் சர்க்கரையின் அளவு 140 முதல் 199 மில்லிகிராம் வரை இருப்பது முன்நீரிழிவு நிலை எனப்படும். 200 அல்லது அதற்கு மேல் இருப்பது நீரிழிவைக் குறிக்கும். முன்நீரிழிவு நிலையில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. ஆகவே, உடல் நலமாக இருப்பதாகத் தோன்றினாலும் பரிசோதனை அவசியம்.

சென்னை ஆய்வு கூறுவது என்ன?

சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், முன்நீரிழிவு நிலையில் இருந்த 531 பேரை நான்கு பிரிவுகளாகப் பிரித்து ஆராய்ந்தனர். முடிவுகள் 2006இல் வெளியாயின. 3 ஆண்டுகளில் நீரிழிவுக்கு உள்ளானோர்:

• வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்கள்: 55 சதவீதம்
• உணவு, உடற்பயிற்சி மாற்றம் மேற்கொண்டவர்கள்: 39.3 சதவீதம்
• மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொண்டவர்கள்: 40.5 சதவீதம்
• இரண்டையும் மேற்கொண்டவர்கள்: 39.5 சதவீதம்

உணவு மற்றும் உடற்பயிற்சி மாற்றம், மாத்திரைக்கு ஏறக்குறைய இணையான பயனைத் தந்தது. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பயன் கிட்டவில்லை. வேலைக்குச் செல்லும் ஆண்களிடம் நடத்தி 2013இல் இக்குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியாக நினைவூட்டல் பெற்றவர்களில் 18 சதவீதத்தினரும், பெறாதவர்களில் 27 சதவீதத்தினரும் 2 ஆண்டுகளில் நீரிழிவுக்கு உள்ளாயினர். தொடர்ந்து நினைவூட்டுவதும் பயன் தரும் என்பதை இது உணர்த்துகிறது. வீட்டில் உள்ளோரும் இப்பணியைச் செய்யலாம்.

இவ்வாய்வுகள் நீரிழிவு வருவதைத்தான் அளந்தன, மாரடைப்பை அல்ல. எனவே இரத்த அழுத்தம், கொழுப்பு, புகையிலைப் பழக்கம் ஆகியவற்றைத் தனியே கவனிக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• நாள்தோறும் 30 நிமிடம் விரைவாக நடங்கள். வயல்வேலை போன்ற கடும் உடலுழைப்பில் இருப்போர் அதனைத் தொடர்ந்தாலே போதும். இயந்திரத்தின் முன் ஒரே இடத்தில் நின்று பணிபுரிவது நடைப்பயிற்சிக்கு ஈடாகாது.
• சோற்றின் அளவைக் குறைத்து, கீரை, காய்கறி, பயறு, சுண்டல் ஆகியவற்றைக் கூட்டுங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பகுதிகளில் இரவுப்பணி செய்வோர், உறக்கம் கலைவதற்காகச் சர்க்கரை சேர்த்த தேநீரும் பிஸ்கட்டும் அடிக்கடி உட்கொள்வதைத் தவிர்க்கவும்.
• இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அளவைத் தாண்டலாகாது.
• புகைபிடித்தலையும் புகையிலை மெல்லுவதையும் முற்றிலும் கைவிடுங்கள்.
• 30 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பெரியபாளையம் சுற்றுவட்டாரத்தினர் அருகிலுள்ள அரசு மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம்.

ஏற்கெனவே மருந்து உட்கொள்பவர்கள்

இந்த ஆய்வைக் காரணமாகக் கொண்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். நீரிழிவு உறுதியானவர்களுக்கு இம்முடிவு பொருந்தாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ், நீரிழிவு மற்றும் உயர் இரத்த அழுத்தத்திற்கான மருந்துகள் இல்லத்திற்கே வந்து வழங்கப்படுகின்றன.

உடனடியாகக் கவனிக்க வேண்டியவை

நெஞ்சில் அழுத்தம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியன மாரடைப்பின் அறிகுறிகள். முதியோருக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் நெஞ்சுவலி இல்லாமல் திடீர்ச் சோர்வோ மூச்சுத்திணறலோ மட்டும் தோன்றக்கூடும். வாயுத்தொல்லை எனக் கருதிக் காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள். ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் கீழ், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் இதற்கான முதற்கட்ட மாத்திரைகள் வழங்கப்படுகின்றன.