சாயம் தொடாத படம்: மூலக்கூறு அதிர்வு நுண்ணோக்கியின் வளர்ச்சி

மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் டான் சாய் யான் 40 ஏக்கரில் நட்ட கன்றுகளோடு மலாயாவில் வணிக ரப்பர் பயிர் வேரூன்றியது. அந்த மாநிலத்தின் தோட்டங்களில் தமிழர்கள் வெட்டி மங்கில் இறக்கிய பால் சாதாரணத் திரவமன்று. அதில் சுமார் 30 முதல் 40 விழுக்காடு ரப்பர். அதுவும் ஒரு மைக்ரானை ஒட்டிய சிறு துளிகளாக, புரதமும் கொழுப்பும் கலந்த மேலுறை போர்த்தி மிதக்கிறது. கூடவே லூட்டாய்டு நுண்பைகளும், கரோட்டினாய்டு செறிந்த ஃபிரே-விஸ்லிங் துகள்களும் உண்டு. இவற்றின் உள்ளமைப்பை மின்னணு நுண்ணோக்கியில் காண ஆஸ்மியம் ஊட்டி உறையவைக்க வேண்டும். அதாவது உயிர்ப்பொருளைக் கொன்ற பிறகே காண முடியும். ஆனால் ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய வேகத்தில் அதிர்கிறது. ரப்பரின் கரிம இரட்டைப் பிணைப்புக்குச் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1665 என்ற அலைஎண். கரோட்டினாய்டுக்கு 1520-ஐ ஒட்டியது. இந்த அதிர்வையே அடையாளமாகக் கொண்டு படமெடுக்கும் வழி 1928-லேயே திறந்தது. உயிரணுவுக்கு அது பயன்படும் கருவியாக எழுபது ஆண்டுகள் ஆனது ஏன்? லேசர் வரும்வரை காத்திருந்தது என்ற வழக்கமான விடை பாதி உண்மை மட்டுமே.

1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில், திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமனும் வத்திராயிருப்பு வட்டாரத்தைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனும் ராமன் சிதறல் எனப்படும் ஒளிச்சிதறலைக் கண்டனர். சூரிய ஒளியைக் குவித்து, வடிகட்டி வழியே திரவத்தில் பாய்ச்சி, நிறம் மாறி வரும் மங்கலான ஒளியைக் கண்ணாலேயே தேடிப் பிடித்தார்கள். அந்த நிற மாற்றத்தின் அளவுதான் மூலக்கூறின் அதிர்வெண். அகச்சிவப்புக் கதிரும் அதிர்வைக் காட்டும். ஆயினும் நீர் அதை விழுங்கிவிடும், அதன் நீண்ட அலை நுண்விவரத்தையும் மழுக்கிவிடும். ஈரமான உயிர்ப்பொருளுக்கு ராமனின் வழியே ஏற்றது. இடர் ஒன்றுதான்: ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகள்களில் ஒன்றே அப்படி நிறம் மாறுகிறது.

லேசர் 1960-இல் வந்தது. எழுபதுகளின் நடுப்பகுதியில் பிரான்சின் லீல் நகரில் டெலாய், டமெலின்கூர் ஆகியோர் ராமன் நுண்ணோக்கியை உருவாக்கினர். 1990-இல் நெதர்லாந்தில் புப்பெல்ஸ் குழு, செல்லுக்குத் தீங்கு குறைந்த சிவப்பு லேசரைக் கொண்டு உயிருள்ள தனிச் செல்லின் ராமன் நிறமாலையைப் பெற்றது. கிடைத்தது புள்ளிக்குப் புள்ளி நிறமாலை. அசையும் உயிரைத் தொடரும் படமன்று. முப்பது ஆண்டுகள் லேசர் கையில் இருந்தும் தடை நீங்கவில்லை என்பதற்கு இதுவே சான்று. ஒளியை எவ்வளவு கூட்டினாலும் மூலக்கூறுகள் தனித்தனியே, முறையின்றியே சிதறடிக்கின்றன. ஒளி மிகுந்தால் செல்லே வெந்துபோகும்.

திருப்பம், மூலக்கூறுகளை ஒரே தாளத்தில் அதிரவைத்ததில் வந்தது. இரண்டு லேசர்களின் அதிர்வெண் வேறுபாட்டை ஒரு பிணைப்பின் அதிர்வுக்கு இணையாக்கினால், குவிமையத்தில் உள்ள அப்பிணைப்புகள் அனைத்தும் சேர்ந்து இயங்கி வலுவான சமிக்ஞை தருகின்றன. கார்ஸ் எனப்படும் இம்முறையில் 1982-இல் டங்கனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு நுண்ணோக்கியே செய்தனர். பின்னணி ஒளி மிகுந்ததால் அது கிடப்பில் போயிற்று. 1999-இல் சும்புஷ், ஹோல்ட்டம், சன்னி சியே ஆகிய மூவர் அகச்சிவப்பை அண்டிய இரு கதிர்களையும் ஒரே பாதையில் இறுகக் குவித்து, உயிருள்ள செல்களைப் படமாக்கினர்.

கார்ஸிலும் அந்தப் பின்னணி முற்றிலும் ஒழியவில்லை என்று மறுப்போர் சொல்வது சரியே. அதற்கு விடையாக 2008-இல் சியேயின் ஹார்வர்டு குழு, ஒரு கதிரிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறும் ஆற்றலை அளக்கும் தூண்டப்பட்ட ராமன் சிதறல் முறையை முன்வைத்தது. அதன் சமிக்ஞை பொருளின் செறிவுக்கு நேர்விகிதமானது. ஒளிர்சாயம் இதைவிட நுட்பமாகக் காட்டுமே என்பது இன்னும் வலுவான மறுப்பு. அரிதான புரதத்தைத் தேடுவதானால் அது உண்மை. ஆனால் கொழுப்பு, ரப்பரின் ஐசோப்ரீன் சங்கிலி போன்றவற்றில் சாயத்தை ஒட்டினால், மூலக்கூறின் நடத்தையே மாறிப்போகும். 2017-இல் அமெரிக்காவில் மூளைக் கட்டித் திசுவைச் சாயமின்றி அறுவைக் கூடத்திலேயே படமாக்கிக் காட்டியதும் இம்முறைதான். ஆகவே இந்த வரலாற்றில் 1928-க்கு அடுத்து நிறுத்த வேண்டிய ஆண்டு 1960 அன்று, 1999. பால்மரத்தின் பாலை அதன் இயல்பு கெடாமல் ஆராய விரும்புவோரும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.