செய்யது: பெயரா, பட்டமா?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனுக்கு நற்சான்றிதழ் எழுதுகையில், பெயரின் முன்னிருந்த 'செய்யது' என்பதனை மரபுப் பட்டமெனக் கருதி விட்டுவிட்டேன். மறுநாள் அவன் தந்தையார் வந்தார். "ஐயா, எங்களுக்குப் பட்டமெல்லாம் கிடையாது. ஏர்வாடியில் நேர்ந்துகொண்டு எங்கள் அத்தா இவனுக்கு வைத்த பெயர் அது" என்றார். வெட்கமாயிருந்தது. அதன் பிறகே இச்சொல்லின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

'சையித்' என்னும் அரபுச் சொல்லுக்குத் தலைவர் என்பது பொருள். நபிகள் நாயகத்தின் மகள் பாத்திமா, மருமகன் அலி ஆகியோரின் மக்களான ஹசன், ஹுசைன் வழியினருக்கு அது சிறப்புப்பெயராயிற்று. ஏமன் நாட்டின் ஹத்ரமவுத் பகுதியிலிருந்து கடல் கடந்து வந்த இவ்வழியினர் மலாய் மண்ணில் வேரூன்றினர். இங்கு ஆண்களுக்கு 'சைட்', பெண்களுக்கு 'ஷரிஃபா' என வழங்கும். பெர்லிஸை 1843 முதல் ஆண்டுவரும் ஜமாலுல்லைல் குடும்பம் இவ்வழியினதே. நாட்டின் மூன்றாம் மாமன்னரும் (1960-1965) பன்னிரண்டாம் மாமன்னரும் (2001-2006) அக்குடும்பத்தவர்.

மலையாளக் கரையில் இவர்களைத் 'தங்கள்' என்பர். நாம் மதிப்புடன் ஒருவரை விளிக்கும் அதே வடிவச் சொல்! இலங்கையிலோ 'மௌலானா' என்பர். இந்தியாவில் அது பெரும்பாலும் மார்க்க அறிஞரைக் குறிக்கும். ஊருக்கு ஊர் சொல் இடம்பெயர்ந்திருக்கிறது.

தமிழ் முஸ்லிம்களிடையே நிலை வேறு. ஏர்வாடியில் அடங்கியுள்ள இப்ராஹீம் ஷஹீது, நாகூர் சாகுல் ஹமீது ஆகிய இருவரும் நபி வழியினரென்பது மரபு. அப்பெரியார்களின் நினைவாகப் பிள்ளைக்குப் பெயரிடும்போது 'செய்யது' என்பதும் உடன்வந்து விடுகிறது. ஆகவே அப்பெயர் கொண்டோர் எல்லாரும் அவ்வழியினர் என்று கொள்ளலாகாது.

இவ்வேறுபாடு சிறியதன்று. 1905இல் சிங்கப்பூரில் இந்திய முஸ்லிம் ஒருவர் ஷரிஃபா ஒருத்தியை மணந்தது பெரும் பூசலாயிற்று. அத்தகைய மணம் செல்லும் என்று கெய்ரோவின் 'அல்-மனார்' இதழில் ரஷீத் ரிதா எழுதினார். ஹத்ரமிப் பெரியோர் சிலர் கடுமையாக மறுத்தனர். ஜாவாவில் அஹ்மத் சுர்காத்தியும் ரிதாவின் கருத்தையே கொண்டார். அவரைச் சார்ந்தோர் 1914இல் அல்-இர்ஷாத் இயக்கத்தைத் தோற்றுவித்தனர். 'சையித்' என்பதனைத் 'திரு' போல் எவருக்கும் வழங்கலாம் என்று பின்னாளில் அவ்வியக்கத்தார் வாதிட்டபோது சண்டை மேலும் முற்றியது. ஒரு முன்னொட்டுக்காக இத்துணைப் பகையா என்று தோன்றும். பெண் கொடுப்பதும் கொள்வதும் அதனைப் பொறுத்திருந்தன என்பதை மறவாதீர்.

நம் பதிவேடுகளில் செய்யது, சையது, செய்யிது என ஒரே பெயர் மூவகையாய்க் கிடக்கிறது. பிறப்புச் சான்றிதழைப் பார்த்து, பெற்றோரையும் ஒருமுறை கேட்டு எழுதுங்கள். நான் கேட்கவில்லை.

சான்றிதழை மறுபடி எழுதிக் கொடுத்தேன். பையன் அதில் முதலில் தன் பெயரைத்தான் படித்துப் பார்த்தான்.