தில்லியில் ஒரு ரோஜாப் பாத்தி

தில்லிக்கு உத்தியோகத்தின் பொருட்டு வந்த நமக்கு, அரசாங்கக் குடியிருப்பின் முன்னே கையகல நிலம் வாய்த்தால் முதலில் தோன்றுவது ரோஜா ஆசைதான். அந்த ஆசைக்கு ஒரு வரலாறு உண்டு. முகலாயரின் நாற்கூறு தோட்ட முறையைத் தழுவி லட்யன்ஸ் வகுத்த ராஷ்டிரபதி பவனத் தோட்டத்தில் 1928-29இல் செடிகள் நடப்பட்டன. அது மாளிகைத் தோட்டம். தோட்டக்காரர் பலர் பேணினர். நம் போன்றோர் வாசலிலோ ஐரோப்பியக் கலப்பினங்கள் பல, கோடை வெயிலில் சோர்ந்து போயின.

இக்குறையை நீக்க முற்பட்டவர் டாக்டர் பி. பி. பால். 1950 முதல் 1965 வரை பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர். கோதுமையின் துருநோயோடு போராடியவர். ஓய்வு நேரத்தில் ரோஜாக்களைக் கலந்து, 1962இல் மணம் மிக்க 'ரோஸ் ஷெர்பத்' என்னும் வகையை அளித்தார். 1966இல் இந்திய ரோஜாவைப் பற்றிப் பெருநூலொன்றும் வெளியிட்டார். சோறளிக்கும் பயிரை ஆராய்ந்தவர் பூவுக்கும் நேரம் ஒதுக்கினாரே என்று நாம் வியப்பதுண்டு.

நாமும் வேம்பின் நிழலுக்கு விலகி, காலை வெயில் படும் இடத்தில் பாத்தி வகுத்து, அக்டோபரில் ஆறு செடிகள் நட்டோம். மொட்டு விடுமுன் மாற்றல் உத்தரவு வந்தது. மறு ஆண்டு அவ்வழியே சென்றபோது, புதிதாய்க் குடிவந்த அம்மையார் அவற்றுக்குக் கவாத்துச் செய்துகொண்டிருந்தார்.