டரம் பேராலயத்தின் கறுப்புக்கோடு

இங்கிலாந்தில் கோதிக் கட்டடக்கலை எழுந்த கதையைச் சொல்லும் நூல்கள் பலவும் டரம் பேராலயத்தில்தான் தொடங்குகின்றன. 1093இல் கட்டத் தொடங்கி, 1133வாக்கில் பெரும்பாலும் முடித்த ஆலயம். கல்லாலான கூரையின் பாரத்தை விலா எலும்புகள் போன்ற வளைவுகள் வழியே தூண்களுக்கு இறக்கும் நுட்பமும் கூர்முனை வளைவுகளும் அங்கே ஒன்றுசேர்ந்தன. 1174 தீவிபத்துக்குப் பிந்தைய கேன்டர்பரி, 1220இல் தொடங்கிய சாலிஸ்பரி எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. அந்தப் படங்களைப் பல ஆண்டுகள் நான் அண்ணாந்துதான் பார்த்துவந்தேன். தரையைப் பார்க்கவைத்தவள் ஒரு மாணவி. "மேடம், இந்தக் கோட்டை யார் போட்டாங்க?"

நடுக்கூடத்தின் மேற்குப் பக்கம், இரு தூண்களுக்கிடையே, தரையில் பதித்த கறுப்புக் கல்பட்டை அது. நடுவில் ஒரு சிலுவை. பெண்கள் அதைத் தாண்டி உள்ளே போகக் கூடாது.

மடத்துத் துறவிகளின் பதில் எளியது. ஆலயத்தில் அடக்கமாகியிருக்கும் புனிதர் கத்பர்ட்டுக்குப் பெண்கள் ஆகாது, அவ்வளவுதான். கத்பர்ட் இறந்தது 687இல். அவர் வாழ்க்கையை அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் எழுதிய பீட் காட்டும் மனிதர் வேறு. மடத்துத் தலைவி எல்ஃப்ளேட் பேச அழைத்தால் படகேறிப் போகிறவர். அவள் நோயுற்றிருந்தபோது தன் இடைக்கச்சையை அனுப்பிவைத்தவர். வெர்கா என்ற இன்னொரு மடத்துத் தலைவி தந்த துணியை உடுத்தாமல் பத்திரப்படுத்தி, தன் உடலை அதில் சுற்றச் சொன்னவர். பெண் தந்த துணியில் அடக்கமானவரின் பெயரால்தான் பெண்ணுக்குக் கோடு.

இடையில் என்ன நடந்தது? 1083 நடந்தது. அதுவரை கத்பர்ட்டின் உடலைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தவர்கள் மனைவி மக்களோடு வாழ்ந்த குருக்கள். நார்மானியப் படையெடுப்புக்குப் பின் வந்த ஆயர், செயின்ட் கலே வில்லியம், அவர்களை வெளியேற்றிப் பெனடிக்ட் சபைத் துறவிகளைக் குடியேற்றினார். அந்த மனைவியரின் பெயர்கள் கட்டடக்கலை நூல்களில் வருவதில்லை. அதன் பிறகுதான் டரம் துறவிகளின் ஏடுகளில் கதைகள் முளைக்கின்றன: பாதையில் சேறாக இருந்ததால் ஆலயத்துக் கல்லறைத் தோட்டம் வழியே நடந்த பெண் அன்றிரவே செத்தாள், இப்படி. குடும்பங்களைத் துரத்திய செயலுக்குப் புனிதரின் ஒப்புதல் தேவைப்பட்டது. இறந்தவரிடம் அதை வாங்குவது சுலபம் என்றே நான் இக்கதைகளை வாசிக்கிறேன்.

1170களில் ஆயர் ஹியூ, பெண்களும் வந்து வழிபட ஒரு சிற்றாலயம் எழுப்ப முனைந்தார். முதலில் கிழக்கே, புனிதரின் கல்லறைக்கு அருகே. சுவர்களில் விரிசல் விட்டது. புனிதருக்கு விருப்பமில்லை என்று பொருள் கொண்டு, வேலையை மேற்குக் கோடிக்கு மாற்றினார்கள். அதே கிழக்குப் பக்கத்தில் 1242இல் முழுக் கோதிக் பாணியில் ஒன்பது பீடங்கள் கொண்ட மண்டபத்தைத் தொடங்கினார்கள். அது இன்றும் நிற்கிறது. அதைக் கட்டும்போது புனிதர் ஒன்றும் சொல்லவில்லை போலும்!

கோடு அரசிக்கும் பொதுவாகவே இருந்தது. 1333இல் மூன்றாம் எட்வர்டின் மனைவி ஃபிலிப்பா, மடத்தில் கணவர் தங்கியிருந்த அறைக்கு வந்து படுத்தார். துறவி ஒருவர் மன்னரிடம் விதியை நினைவூட்டினார். நள்ளிரவில், உள்ளாடையோடு எழுந்து, வந்த வழியே வாயிலைக் கடந்து எதிரேயுள்ள கோட்டைக்குப் போய்ப் படுத்தார் இங்கிலாந்தின் அரசி. 1539இல் மடம் கலைக்கப்பட்ட பிறகுதான் அந்தக் கோடு வெறும் கல்லானது.

மேற்கே கட்டிய அந்தப் பெண்கள் சிற்றாலயத்துக்குக் கலிலி என்று பெயர். பேராலயத்தின் பருத்த தூண்களைப் பார்த்துவிட்டு அங்கே வந்தால் மெலிந்த தூண்களும் நெளிகோடுகள் செதுக்கிய வளைவுகளும் வேறோர் உலகம். 1370இல் பீட்டின் எலும்புகளைக் கத்பர்ட்டின் பக்கத்திலிருந்து எடுத்து அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். எல்ஃப்ளேட்டையும் வெர்காவையும் எழுதிவைத்தவர் இன்றும் பெண்கள் பக்கத்தில்தான் இருக்கிறார்.